சூரியன் மறையுமுன்: செஞ்சி நாட்டுச் சமணரின் மாலை நியமமும் நம் ஊழியரின் ஓய்வும்

செஞ்சி என்றவுடன் நம் நினைவுக்கு வருவது அதன் கோட்டையே. இராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளை மதிலால் இணைத்துக் கட்டப்பட்ட அக்கோட்டைக்காகப் போரிட்டோர் பலர். 1677இல் சிவாஜி அதனைக் கைப்பற்றினார். 1690 முதல் 1698 வரை முகலாயத் தளபதி சுல்பிகர்கான் அதனை முற்றுகையிட்டுக் கிடந்தார். 1714இல் தேசிங்குராஜன் அதன்பொருட்டு மாண்டான். 1750இல் பிரெஞ்சுக்காரரும் 1761இல் ஆங்கிலேயரும் அதனைப் பெற்றனர். பிரெஞ்சுக் காவற்படை அங்கிருந்த பத்தாண்டுகளில் ஐரோப்பிய வீரர் 1200 பேர் நோயுற்று இறந்தனர் என்று பழைய வரலாற்று நூல்கள் குறிக்கின்றன. ஒரே காலத்தில் அங்குக் காவலிருந்தோரோ நூறு பேர் அளவினரே. 2025 ஜூலையில் மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டனுள் ஒன்றாகச் செஞ்சியும் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது.

இக்கட்டுரை அக்கோட்டையைப் பற்றியதன்று. கோட்டை எழுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அக்குன்றுகளின் சூழலில் வாழத் தொடங்கிய ஒரு சிறு சமூகம், ஒரு நாளை எவ்வாறு முடிப்பது என்னும் வினாவுக்கு ஒரு விடை கண்டு, அதனைத் தன் இல்லங்களில் காத்துவந்துள்ளது. அவ்விடையையும், நம் சீர்திருத்தத் திருச்சபையின் முன்னோர் தரங்கம்பாடியில் கண்ட விடையையும் அருகருகே வைத்துக் காண விரும்புகிறேன். அடங்காச் சினம், சிதறிய சிந்தை, உறக்கமின்மை ஆகியவை இன்று நம் போதகர் இல்லங்களில் யாரும் வாய்திறந்து பேசாத நோய்களாக உள்ளன. இவற்றை அவரவர் ஆவிக்குரிய குறைபாடு என்று தள்ளிவிடுவது நமக்கு எளிதாக இருக்கிறது. வரலாறு வேறொன்றைச் சொல்லுகிறது என்பது என் எண்ணம்.

திருநாதர்குன்று

செஞ்சி நகருக்கு வடக்கே சிறுகடம்பூரை அடுத்துத் திருநாதர்குன்று உள்ளது. அதன் உச்சியில் ஒரு பெரும்பாறையின் முகத்தில் இருபத்துநான்கு தீர்த்தங்கரர் உருவங்கள், வரிசைக்குப் பன்னிரண்டாக இரண்டு வரிசைகளில் செதுக்கப்பட்டுள்ளன. அக்குன்றிலுள்ள கல்வெட்டு ஒன்று, சந்திரநந்தி என்னும் ஆசிரியர் ஐம்பத்தேழு நாள் உண்ணாநோன்பு நோற்று உயிர்நீத்த இடம் அது என அறிவிக்கிறது. எழுத்தமைதி கொண்டு அதனை ஏறக்குறைய கி.பி. 6ஆம் நூற்றாண்டினது என்பர். சற்று முந்தியது என்பாரும் உளர். தமிழ்க் கல்வெட்டுகளில் 'ஐ' என்னும் எழுத்து தொடக்கத்திலேயே காணப்படும் சான்றுகளுள் ஒன்றாகவும் அது எடுத்துக்காட்டப்படுவதுண்டு. பிற்காலத்துக் கல்வெட்டு இன்னொன்று, இளையபட்டாரர் என்பவர் முப்பது நாள் நோன்பிருந்ததைக் கூறுகிறது.

இக்கல்வெட்டுகளைக் காணச் செல்வோர் ஐம்பத்தேழு என்னும் எண்ணைக் கண்டு வியந்து திரும்புகின்றனர். நானும் முதன்முறை அவ்வாறே திரும்பினேன். இறுதிநோன்பைப் பற்றிக் கிறிஸ்தவ அறநூல் எழுப்பும் வினாக்கள் வேறு. அவற்றுள் நான் இங்குப் புகவில்லை. ஆனால் ஐம்பத்தேழு நாள் நோன்பு ஐம்பத்தெட்டாம் நாளுக்கு முன் திடீரென முளைத்ததன்று. அதற்குப் பின்னே ஆயிரக்கணக்கான சாதாரண மாலைப்பொழுதுகள் உள்ளன. அவற்றைக் கல்லில் எழுதுவார் இல்லை. அவை இல்லங்களில் எழுதப்பட்டன.

வேலூரில் பிடிபட்டவர்

அம்மாலைப்பொழுது ஒன்று மட்டும் தற்செயலாக வரலாற்றில் பதிவாகியுள்ளது. செஞ்சிச் சமணர் வழிவழியாகச் சொல்லிவந்ததும், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தென்னார்க்காடு மாவட்ட விவரநூலில் ஏறியதுமான செய்தி அது. செஞ்சியை ஆண்ட வேங்கடபதி நாயக்கன் என்பான் உயர்குலத்தார் ஒவ்வொருவரிடமும் பெண் கேட்டான். சமணரும் கேட்கப்பட்டனர். அவர்கள் இசைந்ததுபோல் காட்டி, குறித்த நாளில் மணமகளிருக்க வேண்டிய வீட்டில் ஒரு பெட்டைநாயைக் கட்டிவைத்துவிட்டு அகன்றனர். சினங்கொண்ட நாயக்கன் சமணரின் தலைகளைக் கொய்ய ஆணையிட்டான். பலர் ஓடினர், பலர் மறைந்தனர், மிகப்பலர் பூணூலைக் கழற்றித் திருநீறு பூசிச் சைவராயினர். அவர்தம் வழிவந்தோருக்கு நீறுபூசி வேளாளர் என்னும் பெயர் நிலைத்தது.

அந்நாளில் திண்டிவனத்தை அடுத்த வேலூரில் (வடவார்க்காட்டு வேலூர் அன்று, சிற்றூராகிய வேலூர்) ஒருவர் தம் மாலை நியமத்தைச் செய்துகொண்டிருந்தபோது நாயக்கனின் ஏவலரிடம் பிடிபட்டார். செஞ்சிக்குக் கொண்டுசெல்லப்பட்டார். அன்று நாயக்கனுக்குக் குழந்தை பிறந்திருந்தமையால் அவன் மகிழ்ந்து அவரை விட்டுவிட்டான். தப்பியவர் துறவு பூண்டு சிரவணபெளகுளம் சென்று சமயநூல்களைக் கற்றார். அவரே வீரசேனாசாரியார். தாயனூர்க் கங்கைய உடையார் என்பவர் உடையார்பாளையம் சென்று அங்குப் பாதுகாப்பும் நிலமும் பெற்று, பின்னர்ச் சிரவணபெளகுளத்திலிருந்து ஆசாரியாரை அழைத்துவந்தார். இருவரும் செஞ்சி நாடெங்கும் ஊர்ஊராகச் சென்று, நீறு பூசியவர்களுள் பலரை மீண்டும் பழைய நெறிக்குக் கொணர்ந்தனர். செஞ்சிக்கும் திண்டிவனத்துக்கும் இடைப்பட்ட மேல்சித்தாமூர் மடத்தில் விழாக்காலங்களில் முதல் வெற்றிலைபாக்கு கங்கைய உடையாரின் வழியினருக்கு உரியது என்பதும் அந்த விவரநூலில் பதிவாகியுள்ளது.

வரலாற்று மாணவர் இக்கதையை உரைகல்லில் தேய்த்துப் பார்ப்பது முறை. மரபு இதற்குக் குறிக்கும் ஆண்டு 1478. செஞ்சி நாயக்கர் ஆட்சி வேரூன்றியதாக அறிஞர் கொள்ளும் காலத்தோடு அது இசையவில்லை. அரசன் பெண் கேட்பதும் குடிகள் மறுத்து ஓடுவதும் தமிழகத்தின் பல குலங்களின் இடப்பெயர்ச்சிக் கதைகளில் வருவதே. ஆகவே நாயையும் மணப்பந்தலையும் நான் வற்புறுத்தமாட்டேன். நீறுபூசி என்னும் குலப்பெயரும், தாயனூர்க் குடும்பத்தின் உரிமையும், ஏதோ ஒரு காலத்தில் ஒரு பெருநெருக்கடி நேர்ந்தது என்பதற்குப் போதிய சான்றுகள்.

எனக்கு முதன்மையாகத் தோன்றுவது வேறொன்று. பூணூலைக் கழற்றலாம், நெற்றியை மாற்றலாம். அம்மனிதரைக் காட்டிக்கொடுத்தது மாலைநேரப் பழக்கம். அன்றைக்கென ஒரு வீரச்செயலை அவர் செய்யவில்லை. நேற்றுச் செய்ததையே செய்தார். தானியேலைப் பற்றிய வேதபகுதியும் இத்தகையதே. ஆணை பிறந்ததை அறிந்தபின் அவன் புதிதாக ஒன்றும் செய்யவில்லை, முன் செய்துவந்தபடியே நாளுக்கு மூன்று வேளை முழங்காற்படியிட்டான் என்பதில்தான் அவ்வதிகாரத்தின் நரம்பு உள்ளது (தானியேல் 6:10). சிங்கக் கெபியை வைத்துப் பிரசங்கிக்கும் நாம் அந்த "முன் செய்துவந்தபடியே" என்பதை விரைந்து கடந்துவிடுகிறோம்.

இரண்டு நாழிகை

அந்த மாலை நியமம் எத்தகையது? சமண இல்லறத்தார் கதிரவன் மறையுமுன் உண்டு முடிப்பர். விளக்கொளியில் உண்ணும்போது சிற்றுயிர்கள் மடியும் என்பதே அதற்குச் சொல்லப்படும் காரணம். காரணம் கொல்லாமை, ஆனால் அதன் விளைவு ஒரு நாளின் வடிவத்தையே மாற்றுகிறது. மாலை ஆறு மணிக்கு அடுப்பு அணைந்துவிட்ட வீட்டில் இரவு நீளமானது. அந்நேரத்தில் வாணிகப் பேச்சு குறையும், விருந்து இராது.

அதன்பின் சாமாயிகம். அருங்கலச்செப்பு முதலிய தமிழ்ச் சமண நூல்கள் இதனை இல்லறத்தாருக்குரிய விரதங்களுள் ஒன்றாக வைத்துள்ளன. ஒரு முகூர்த்த நேரம், அதாவது இரண்டு நாழிகை, நம் கணக்கில் நாற்பத்தெட்டு நிமிடம், விருப்பும் வெறுப்பும் இன்றிச் சமநிலையில் அமர்ந்திருத்தல். அதனோடு சேர்ந்தது பிரதிக்கிரமணம். இச்சொல்லுக்கு மீண்டுவருதல் என்று பொருள். மனந்திரும்புதல் என்னும் நம் சொல்லுக்கு இதைவிட நெருங்கிய அண்டைவீட்டான் இல்லை எனலாம். அன்றைய நாளில் எண்ணத்தாலும் சொல்லாலும் செயலாலும் எவ்வுயிருக்கு என்ன தீங்கிழைத்தோம் என நினைந்து, அதினின்று திரும்புதல். துறவியருக்கு இது கட்டாயமான ஆறு கடமைகளுள் ஒன்று. இல்லறத்தாருள் பற்றுடையோர் இயன்றவரை கைக்கொள்வர்.

மனத்தைக் கலக்குவனவற்றைச் சமணம் நான்காகத் தொகுக்கிறது: குரோதம், மானம், மாயை, உலோபம். சினம், செருக்கு, வஞ்சம், பற்று எனலாம். சினத்திற்கு அவர்கள் கூறும் உவமை இப்பாறை நாட்டிலிருந்து படிக்கையில் தனிப்பொருள் பெறுகிறது. ஒரு சினம் கல்லில் விழுந்த பிளவு போன்றது, ஒருபோதும் கூடாது. ஒன்று நிலத்து வெடிப்பு. மழை வரும்வரை நிற்கும். ஒன்று மணலில் இட்ட கோடு. காற்று வந்தால் போம். ஒன்று நீரில் இட்ட கோடு. சினம் கொள்ளாதே என்று மட்டும் இவ்வுவமை சொல்லவில்லை; சினத்தின் வயது என்ன என்று கேட்கிறது. நாள்முடிவிலும், பக்கத்தின் முடிவிலும், நான்கு திங்களுக்கு ஒருமுறையும், ஆண்டின் முடிவிலும் பிரதிக்கிரமணம் வகுக்கப்பட்டிருப்பது, நிலத்து வெடிப்பு கல்லின் பிளவாக இறுகிவிடாமல் தடுப்பதற்கே. நாலடியாரில் சினமின்மைக்கெனவே ஓர் அதிகாரம் உண்டு. அந்நூலை 1893இல் ஆங்கிலத்தில் பதிப்பித்தவர் நம் மரபினராகிய ஜி. யு. போப் என்பதை மாணவர் அறிவர்.

எபேசியருக்கு எழுதிய அப்போஸ்தலனும் சினத்திற்குக் கதிரவன் மறைவையே எல்லையாக வைத்தான் (எபேசியர் 4:26). அதனைப் பொதுவான அறிவுரை என்றே நாம் எடுத்துக்கொள்ளுகிறோம். அவன் குறித்தது ஒரு வேளையை. வேளை குறிக்கப்பட்ட கட்டளையை வேளையின்றிக் கைக்கொள்ள முடியுமா என்பதே என் ஐயம்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லுதல் கடன். சமணத்தில் மன்னிப்பவர் ஒருவர் இல்லை. வினை கழிவது நோற்பவனின் முயற்சியால். நமக்கோ மன்னிப்பு முந்தியது; தன்னாய்வு அதன்பின் வருவது. இவ்வேறுபாட்டை மழுப்பி இரண்டும் ஒன்றே என்று பேசுவது உரையாடலும் ஆகாது, அண்டை வீட்டாருக்கு மதிப்பும் ஆகாது. ஆனால் மன்னிப்பை அறிந்த நாம் அதனைப் பெறுவதற்கு ஒரு வேளையை வைத்திருக்கிறோமா என்னும் கேள்வியை இவ்வேறுபாடு தள்ளிவிடுவதில்லை.

1597இல் இயேசு சபையின் நிக்கோலாஸ் பிமென்டா செஞ்சிக்கு வந்தார். லிஸ்பன் நீங்கலாகப் போர்ச்சுகல் நாட்டு நகர் எதனினும் செஞ்சி பெரிது என்று எழுதினார். லொயோலாவின் பயிற்சிநூல்படி நாள்தோறும் தன்னாய்வு செய்பவர் அவர். அவர் தங்கிய இடத்துக்குச் சில கல் தொலைவில் சமண இல்லங்களில் அதே வேளையில் அதற்கு இணையான ஒன்று நடந்துகொண்டிருந்தது. ஒருவரையொருவர் அறிந்ததற்கு அடையாளம் இல்லை.

தரங்கம்பாடியின் மணிப்பட்டியல்

இனி நம் வீட்டுக்கு வருவோம். 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் கரையிறங்கிய சீகன்பால்கு, 1708இல் எழுதிய கடிதமொன்றில் தம் நாளை மணிவாரியாக விவரித்துள்ளார். அவரது தமிழ்ப்புலமைக்குச் சான்றாக இப்பட்டியலைப் பலர் காட்டியுள்ளனர். காலை ஆறு முதல் ஏழுவரை ஞானோபதேச விளக்கம். ஏழு முதல் எட்டுவரை தமிழ்ச் சொற்களை மீள்பயிலுதல். எட்டு முதல் பன்னிரண்டுவரை, ஒரு முதிய புலவரும் எழுத்தர் ஒருவரும் உடனிருக்க, முன் படித்திராத தமிழ் நூல்களைப் படித்தல். இவ்வுழைப்பின் பயனாகவே அதே ஆண்டில் நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி ஆகியவற்றை அவர் ஜெர்மனியில் மொழிபெயர்த்தார்.

நாம் கவனியாமல் விடுவது பிற்பகலை. பன்னிரண்டு முதல் ஒன்றுவரை உணவு. அப்போது ஒருவர் வேதத்தை வாசித்துக் காட்டுவார். ஒன்று முதல் இரண்டுவரை ஓய்வு. வெயிலில் உடனே வேலைசெய்ய இயலாது என்று அவரே காரணம் சொல்லுகிறார். அதில் நாணம் இல்லை, மன்னிப்புக் கோருதலும் இல்லை. பின்னர் மறுபடியும் வகுப்பு, படிப்பு. ஐந்து முதல் ஆறுவரை ஜெபவேளை. ஆறு முதல் ஏழுவரை உடன் ஊழியரோடு அமர்ந்து அன்று நிகழ்ந்தவற்றைப் பேசுதல். ஏழு மணிக்குமேல் விளக்கொளியில் கண் ஒத்துழையாமையால் பிறரைப் படிக்கச்சொல்லிக் கேட்டல். இரவு உணவுக்குப்பின் அன்றைய வேலையைக் குறித்துப் பிள்ளைகளையும் தம்மையும் ஆராய்தல். பாட்டு, ஜெபம், உறக்கம்.

ஆறு முதல் ஏழு என்னும் அந்த ஒரு மணிநேரத்தை நான் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு. சீகன்பால்குவும் புளுட்சோவும் இயல்பில் ஒத்தவர் அல்லர். சீகன்பால்கு விரைவில் கொதிப்பவர்; இளமையில் மனச்சோர்வுக்கும் ஆளானவர். தளபதி ஹாசியஸோடு ஏற்பட்ட பூசலினால் 1708 நவம்பரில் டேனிஷ் கோட்டையில் அடைக்கப்பட்டு நான்கு மாதம் தனித்திருந்தார். அங்கும் அவர் வேளைகளைக் கைவிடவில்லை. எழுதக் கருவி கிடைத்தபின் போதகர் நிலையைப் பற்றிய நூலொன்றை அச்சிறையிலேயே எழுதினார். கொதிக்கும் இயல்புடைய ஒருவர், அன்றாடம் கதிரவன் மறையும் வேளையில் தம் உடன் ஊழியரின் முகத்தை எதிர்நோக்கி அமர்ந்தாக வேண்டும் என்று தமக்குத் தாமே விதித்துக்கொண்டார். இதனை மொழிப்பயிற்சிக்கு நிகரான சாதனையாகவே நான் கருதுகிறேன்.

அவரை எடுத்துக்காட்டாக உயர்த்தி நிறுத்துவதும் பொருந்தாது. 1719 பிப்ரவரி 23 அன்று, முப்பத்தாறாம் வயதில் அவர் இறந்தார். நெடுநாள் வயிற்றுநோய் ஒருபுறம்; கோப்பன்ஹேகன் மிஷன் ஆட்சிமன்றச் செயலர் வென்ட்டின் கடுங்கடிதங்கள் மறுபுறம். கட்டடங்களும் பள்ளிகளும் எதற்கு, அப்போஸ்தலரைப்போல் ஊர்ஊராக நடந்து பிரசங்கித்தால் போதாதா என்பது அக்கடிதங்களின் சாரம். ஓய்வின் வேளைகள் ஒருவருக்கு வலிமை தரும்; மேலிடத்தின் அநீதிக்கு அவை மருந்தல்ல. அவருடன் உழைத்த கிரண்ட்லரும் மறுஆண்டே மறைந்தார்.

மாலைத் தன்னாய்வு தரங்கம்பாடிக்கு எங்கிருந்து வந்தது என்பதிலும் ஒரு படிப்பினை உண்டு. எர்ஃபர்ட் மடத்தில் இளந்துறவியாக இருந்தபோது லுத்தர் சில நாள்களில் ஆறுமணி நேரம்வரை பாவஅறிக்கை செய்து தம் ஆசான் ஸ்டௌபிட்சைச் சலிப்புறச் செய்தார் என்பர். மன்னிப்பின் நிச்சயமின்றிச் செய்யும் தன்னாய்வு உறக்கத்தைக் கெடுக்கும் என்பதை அவர் தம் உடலில் அறிந்தவர். ஆகவே சிறிய ஞானோபதேசத்தில் மாலைஜெபத்தை மிகச் சுருக்கமாக அமைத்து, அது முடிந்தவுடன் மகிழ்ச்சியோடு விரைந்து உறங்கச் செல்லும்படி விதித்தார். மகிழ்ச்சியோடு உறங்கு என்று ஒரு விசுவாசநூல் கட்டளையிடுவது எத்தனை அரிது! ஹாலே நகரத்துப் பக்திநெறியாளர் கையில் அச்சிறு ஜெபம் மீண்டும் நீண்ட ஆய்வாக வளர்ந்தது. நாட்குறிப்பு எழுதுதல் அதன் கருவியாயிற்று. மிஷனெரிகள் நாட்குறிப்புகளை ஹாலேக்கு அனுப்ப, அவை 1710 முதல் அச்சேறி ஐரோப்பாவெங்கும் வாசிக்கப்பட்டன. நமக்கு அவை பெருஞ்செல்வம். அவை இன்றேல் 18ஆம் நூற்றாண்டுத் தமிழ்த் திருச்சபையின் வரலாறே எழுதமுடியாது. ஆனால் தேவனுக்கு முன் எழுதியது காணிக்கை கொடுப்போருக்கு முன் வாசிக்கப்படும் என்று அறிந்தபின், எழுதுபவரின் கை எதனை எழுதும், எதனை விடும்? தன்னாய்வு அறிக்கையாக மாறிய இடம் அது. நம் குருசேகரங்களின் மாதாந்தர ஊழிய அறிக்கைப் படிவத்தை நிரப்பும்போதெல்லாம் எனக்கு ஹாலேயின் நினைவு வரும். வீடு சந்திப்பு எத்தனை, ஜெபக்கூட்டம் எத்தனை என்று அதில் கட்டங்கள் உண்டு. ஓய்ந்த நாள் எத்தனை என்று கட்டம் இல்லை.

மலையும் சமவெளியும்

19ஆம் நூற்றாண்டில் ஓய்வு வேறொரு வடிவம் பெற்றது. 1834இல் மதுரையில் பணி தொடங்கிய அமெரிக்க மிஷனைச் சேர்ந்தவர்களும் அவர்கள் குடும்பத்தாரும் காய்ச்சலாலும் பேதியாலும் மாண்டனர். அதன் விளைவாக 1845இல் கொடைக்கானலில் முதல் இரண்டு வீடுகள் கட்டப்பட்டன. அவ்வூரின் வரலாறு ஓய்வின்பொருட்டுத் தொடங்கியது. இதனை நான் குறையாகச் சொல்லவில்லை. சாவைக் கண்டு ஓய்வின் தேவையை உணர்ந்து, அதனை ஆளுக்காள் மனப்போக்குக்கு விடாமல் பணியமைப்பின் பகுதியாக்கினார்கள். கோடையில் மலை, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தாய்நாட்டு விடுப்பு. 1853இல் ஸ்கடர் சகோதரர் தொடங்கிய ஆர்க்காடு மிஷன் உட்பட எல்லா மிஷன்களிலும் இவ்வழக்கம் நிலைத்தது.

ஆனால் சமவெளியில் இருந்தவர் யார்? 1733 டிசம்பர் 28 அன்று தரங்கம்பாடியில் குருப்பட்டம் பெற்ற ஆரோன் தொடங்கி, நம் தமிழ்ப் போதகரும் உபதேசியாரும் வேதவசன ஸ்திரீகளும் கோடையிலும் அவ்வெயிலிலேயே நின்றனர். மிஷனெரி மலைக்குச் சென்ற மாதங்களில் அவர் பொறுப்பையும் அவர்களே சுமந்தனர். மலைவாசம் அவர்கள் நியமனத்தின் பகுதியாக இருந்ததில்லை. சபைகள் நம் கைக்கு வந்தபோது, 1947இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது, மிஷனெரியின் மேசையும் பதிவேடும் நமக்கு வந்தன. உபதேசியாரின் ஓய்வில்லாமையும் வந்தது. தரங்கம்பாடியின் காலைவேளைகளை மரபாகப் பெற்ற நாம், அதன் பிற்பகல் ஒருமணியையும் மாலை ஆறுமணியையும் வழியில் எங்கோ விட்டுவிட்டோம். சோர்ந்த போதகரைப் பார்த்து "ஜெபக்குறைவு" என்று சொல்லும் நாவுக்கு இவ்வரலாறு தெரியாது.

உளநூலார் பணியினால் எரிந்துபோதல் என்று பேசத் தொடங்கியது 1974இல், அமெரிக்க உளநூல் அறிஞர் ஃபிராய்டன்பெர்கரின் கட்டுரையோடு. அவர் அதனைக் கண்டது இலவச மருத்துவமனைகளில் தம்மை மறந்து உழைத்த தொண்டர்களிடத்தில் என்பது குறிக்கத்தக்கது. உலக நலவாழ்வு நிறுவனம் 2019இல் அதனைத் தன் நோய் வகைப்பாட்டில் பணிச்சூழலின் விளைவாகப் பதிந்தது. தனியாள் நோயாக அன்று. எலியா சூரைச்செடியின்கீழ் சாக விரும்பியபோது தேவதூதன் அவனைக் கடிந்துகொள்ளவில்லை. தழலில் சுட்ட அடையும் நீரும் தந்து, மீண்டும் உறங்கவிட்டு, மறுபடியும் உண்பித்தான். "இங்கே உனக்கு என்ன காரியம்" என்னும் கேள்வி, அவன் உண்டு, உறங்கி, நாற்பது நாள் நடந்தபின்பே கேட்கப்படுகிறது (1 இராஜாக்கள் 19).

நயினார் வீட்டில் ஒரு மாலை

இருபது ஆண்டுகளுக்கு முன் செஞ்சி வட்டாரத்துக் குருசேகரமொன்றில் நான் பணியாற்றினேன். சபைக்குரிய நிலத்துக்கும் அடுத்த நிலத்துக்கும் எல்லைத் தகராறு. அடுத்த நிலம் ஒரு நயினாருடையது. அங்குள்ள தமிழ்ச் சமணர் பெரும்பாலும் வேளாண்மை செய்வோர். சபையார் இருவரோடு ஒருநாள் மாலை ஐந்தரை மணிக்கு, பேசித் தீர்த்துவிடுவது என்னும் வேகத்தில் அவர் வீட்டுக்குப் போனேன். இலை போட்டிருந்தார்கள். பெரியவர் எழுந்துவந்து, "ஐயா, பொழுது சாயப்போவுது. முதல்ல சாப்பாடு, அப்புறம் பேச்சு" என்றார். மறுக்க முடியவில்லை. உண்டோம். கைகழுவியதும் அவர் உள்ளறைக்குச் சென்றுவிட்டார். முக்கால் மணிநேரம் திண்ணையில் காத்திருந்தோம். அதனை அவமதிப்பு என்றே நான் எண்ணினேன். அவர் திரும்பிவந்தபோது முதற்சொல்லிலேயே என் குரல் உயர்ந்தது. அவர் குரல் உயரவில்லை. அன்று ஒன்றும் தீரவில்லை. அந்த எல்லைக்கல் நடப்படுவதற்கு மேலும் ஓராண்டு சென்றது. அந்த ஓராண்டில் நான் எத்தனை இரவு அதனை நினைத்து உறக்கமின்றிப் புரண்டேன் என்பதை என் மனைவி அறிவார். அவர் எத்தனை இரவு புரண்டார் என்று எனக்குத் தெரியாது. அவ்வீட்டில் எட்டரை மணிக்கு விளக்கணைந்துவிடும் என்று பின்னர் அறிந்தேன்.

இறையியல் கல்லூரிக்கு வந்தபின் இதனை மாணவரிடம் சொல்லியதுண்டு. ஒரு மாணவர் எழுந்து, மாலை ஆறுமணி முதல் ஒன்பதுவரை சபையார் வேலைமுடித்து வீடுதிரும்பும் நேரம், அந்நேரத்தில் போதகர் கதவடைத்து அமர்ந்தால் ஊழியம் எப்போது செய்வது என்று கேட்டார். நியாயமான கேள்வி. நயினார் நிலவுடைமையாளர், அவர் மாலை அவருடையது. போதகரின் மாலை அவருடையதன்று. கூலிவேலை செய்யும் நம் சபையாரின் மாலையும் அவர்களுடையதன்று. ஓய்வுநாள் கட்டளை வேலைக்காரனையும் வேலைக்காரியையும் அந்நியனையும் பெயர்சொல்லிச் சேர்த்திருப்பதன் காரணம் அதுவே. எஜமானுக்கு மட்டும் வாய்க்கும் ஓய்வு கொடைக்கானலாகிவிடும்.

அன்று அம்மாணவருக்கு நான் முழுவிடை தரவில்லை. ஆறு மணி முடியாதெனில் வேறெந்த மணி என்று அவரிடமே திருப்பிக் கேட்டேன். அவர் இன்று வடமாவட்டச் சபையொன்றில் போதகர். பக்கத்துக் குருசேகரத்துப் போதகரோடு செவ்வாய்தோறும் பிற்பகல் மூன்று முதல் நான்குவரை, ஒருவார நிகழ்ச்சிகளை ஒளிவின்றிப் பேசுவதென ஓர் ஏற்பாடு செய்துகொண்டாராம். கைப்பேசிகள் இரண்டையும் அடுத்த அறையில் வைத்துவிடுவார்களாம். எட்டு மாதத்தில் பாதி நாள்தான் நடந்தது, அடக்க ஆராதனையும் கமிட்டியும் மற்றவற்றை விழுங்கிவிட்டன என்று சென்ற ஆண்டு கல்லூரிக்கு வந்தபோது சொன்னார். நடந்த நாள்களில் வீட்டுக்குத் திரும்பியதும் நன்றாக உறங்கினாராம்.